குரல் ஒருவர், உடல் இன்னொருவர்

2025 நவம்பரில் 'அதர்ஸ்' படம் வெளியான சமயத்தில் சென்னையில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பு பலருக்கும் நினைவிருக்கும். படத்தில் கதாநாயகன் கதாநாயகியைத் தூக்குகிற காட்சி ஒன்று வருகிறது. அதைச் சாக்காக வைத்து, அவர் எவ்வளவு எடை இருந்தார் என்று கதாநாயகனிடம் கேள்வி கேட்கப்பட்டிருந்தது. கதாநாயகியாக நடித்த கவுரி கிஷன் அதைச் சும்மா விடவில்லை. என் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு நடிகரிடம் இதையே கேட்பீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். கேள்வி கேட்டவர் முதலில் தன்னை நியாயப்படுத்தினார், அப்புறம் வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தத்தையும் கவுரி ஏற்கவில்லை. நடிகர் சங்கத்தில் தொடங்கி சக கலைஞர்கள் வரை பலர் அவர் பக்கம் நின்றார்கள்.

பேச்செல்லாம் கேட்டவருடைய நாகரிகம் பற்றியே போனது. அது போகட்டும். என்னை உறுத்தியது வேறொன்று. ஒரு நடிகையைப் பற்றிக் கேட்க வேறு எதுவுமே தோன்றாமல் எடை மட்டும் ஏன் தோன்றுகிறது? தமிழ் சினிமாவின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால், கதாநாயகி என்கிற வேலையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து வேறு வேறு ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது தெரியும். பாட்டு ஒருவருக்கு, பேச்சு ஒருவருக்கு, கவர்ச்சி ஒருவருக்கு, சிரிப்பு ஒருவருக்கு, முதுமை ஒருவருக்கு. எல்லாம் போனபின் கதாநாயகியிடம் மிச்சம் இருந்தது கண்ணுக்குத் தெரிகிற உடம்புதான். அதனால்தான் தராசும் அதன்மேல் விழுகிறது.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதில் நடித்த டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும் என்பதுதான் அந்த மேடையின் முதல் விதி. சினிமாவுக்குப் போனபோதும் அந்த விதி மாறவில்லை. படம் பிடிக்கும்போதே ஒலியையும் பதிவு செய்த காலம் அது. ஆர்மோனியமும் மிருதங்கமும் காமிராவுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க, நடிகை காமிரா முன்னால் நின்று உண்மையாகவே பாட வேண்டும். பாடத் தெரியாதவருக்கு அங்கே வேலையில்லை. ராஜலட்சுமி அதோடும் நிற்கவில்லை. 1936-இல் 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரும் ஆனார்.

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் கதை இன்னும் வியப்பானது. கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபின் வெள்ளை உடுத்தி ஒதுங்கியிருந்தவரை 'நந்தனார்' (1935) படத்துக்கு இழுத்து வந்தார்கள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! வேடமோ நந்தனார், அதாவது ஆண் வேடம். 1941-இல் எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி'யில் நாரதராக வந்ததும் இதே வகைதான். குரல் இருந்தால் போதும், உடல் ஆணா பெண்ணா என்பதைக்கூட ரசிகர்கள் பொருட்படுத்தவில்லை. 1953-இல் ஜெமினி ஸ்டுடியோ பெரும் பொருட்செலவில் 'ஔவையார்' எடுத்தபோது படத்தைத் தூக்கி நிறுத்தியவரும் சுந்தராம்பாள்தான். ஒரு கிழவியை நடுவில் வைத்து அந்த ஆண்டின் பிரம்மாண்டப் படத்தை எடுக்க இன்றைக்கு எந்தத் தயாரிப்பாளர் துணிவார்?

இதை வைத்து அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு சினிமாவுக்கு வந்த பெண்களில் பலர் மேடையிலிருந்தும் இசை வேளாளர் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். ஊர் அவர்களின் உடம்பை நிறுக்கவில்லை, ஒழுக்கத்தை நிறுத்துக்கொண்டிருந்தது. அதுவும் குறைந்த கொடுமையில்லை.

கத்தரிக்கோல் முதலில் விழுந்த இடம் பாட்டு. 1938-இல் ஏ.வி.எம். செட்டியாரின் 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். 1945-இல் அதே செட்டியார் தயாரித்த 'ஸ்ரீ வள்ளி'யில் ருக்மணி பாடிய பாடல்கள் திருப்தி தராமல் போக, பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அவற்றை மாற்றினார்கள். முகம் ருக்மணி, குரல் பெரியநாயகி. பார்வையாளர்களும் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று தெரிந்ததுதான் பெரிய திருப்பம். அதற்கடுத்த சில ஆண்டுகளில் பி. லீலா, ஜிக்கி, பி. சுசீலா என்று பின்னணிப் பாடகிகள் தனி வர்க்கமாக எழுந்தார்கள். கடைசிவரை தன் பாட்டைத் தானே பாடிய பி. பானுமதி விதிவிலக்கானார்.

பின்னணிப் பாட்டு வந்தது கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. அது வராமலிருந்தால் பத்மினியின் நாட்டியமும் சாவித்திரியின் நடிப்பும் நமக்குக் கிடைத்திருக்காது. சொல்லவருவது, பிரிக்கலாம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டது என்பதைத்தான்.

சாவித்திரியிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். திறமையும் உடலும் பற்றிய பேச்சில் எல்லோரும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள், பெரும்பாலும் தப்பாக. 'குண்டாகிவிட்டார், அதனால் சரிந்தார்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். 1957-இன் 'மாயாபஜார்' பாருங்கள். கடோத்கஜன் மணப்பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறான். கடோத்கஜனாக வரும் ரங்காராவ் மாதிரி ஓர் அரக்கன் தன் உடம்புக்குள் இருப்பதை சாவித்திரி காட்ட வேண்டும். தோளை நிமிர்த்துகிறார், நடையை அகட்டுகிறார், புருவத்தை ஏற்றுகிறார், யாராவது பார்த்தால் சட்டென்று நாணிக் குனிகிறார். உடம்பை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு அந்தக் காட்சிக்கு மிஞ்சிய பாடம் இல்லை. அப்புறம் 1964. அந்த ஆண்டு வந்த 'நவராத்திரி'யில் சிவாஜிக்கு ஒன்பது வேடம். ஒன்பது பேருக்கும் எதிரே நின்று ஈடுகொடுப்பது சாவித்திரி ஒருவர்தான். அதே ஆண்டில் 'கை கொடுத்த தெய்வம்' படத்தில் சூதுவாது அறியாத வெகுளிப் பெண்ணாக நடித்தார். அப்போதே அவர் நன்றாகப் பூசினாற்போல்தான் இருந்தார். அந்த வேடத்துக்கு இந்த உடம்பு பொருந்தவில்லை என்று தியேட்டரில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தோன்றவில்லை.

அவரை வீழ்த்தியவை சொந்தப் பட நஷ்டம், குடி, நீரிழிவு, முறிந்த மணவாழ்வு. மாதக்கணக்கில் நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பரில் இறந்தார். எடை அந்தத் துயரங்களோடு கூட வந்தது. நாம் அதையே காரணமாக்கிக்கொண்டோம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

உண்மையில் ஐம்பது, அறுபதுகளில் ஒல்லியாக இருப்பதுதான் குறை. ஸ்ரீதர் 'வெண்ணிற ஆடை' (1965) எடுக்கத் தொடங்கியபோது முதலில் தேர்வானவர்களில் ஹேமமாலினியும் ஒருவர். மிகவும் ஒல்லி, நட்சத்திரக் களை இல்லை என்று அவர் நீக்கப்பட, ஜெயலலிதா உள்ளே வந்தார். நீக்கப்பட்டவர் பம்பாய் போய் இந்தி சினிமாவின் 'கனவுக் கன்னி' ஆனது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது பத்மினிக்கு வயது 36, திருமணமாகிவிட்டது. அவருடைய உடல்வாகில் இன்றைக்கு ஒருவர் கதாநாயகி வாய்ப்புக் கேட்டுப் போனால் அக்கா வேடம்தான் கையில் கொடுப்பார்கள். அன்றைக்கு அவர்தான் மோகனா, சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்துக்கு எதிராக ஆடுகிறவர். மயங்காதவர் உண்டா?

நிறத்தின் கதை தனி. கறுப்பு வெள்ளைப் படத்தில் பேன்கேக் பூச்சு எல்லா முகத்தையும் ஒரே சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். வண்ணப் படம் பெருகியபோதுதான் தோல் நிறம் தோல் நிறமாகவே தெரிய ஆரம்பித்தது. ஆனாலும் எழுபதுகளின் நடுவில் தமிழ் சினிமாவில் ஒரு நல்ல இடைவெளி விழுந்தது. பாலசந்தர், பாரதிராஜா, மகேந்திரன், பாலு மகேந்திரா என்று ஒரு கூட்டம் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தது. பாலு மகேந்திரா கிடைக்கிற இயற்கை வெளிச்சத்திலேயே படம் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் மாநிறம் அழகாக விழுந்தது. 'பசி' (1979) படத்துக்காக ஷோபா தேசிய விருது பெற்றார், பதினெட்டு வயதைக்கூட எட்டாமல் 1980-இல் இறந்தும் போனார். 'வீடு' படத்துக்கு அர்ச்சனா தேசிய விருது வாங்கினார், அடுத்த ஆண்டே தெலுங்கு 'தாசி'க்காக இன்னொன்று. சரிதா 'தண்ணீர் தண்ணீர்', 'அச்சமில்லை அச்சமில்லை' என்று பெரிய கண்களும் அடித்தொண்டைக் குரலுமாக பாலசந்தரின் படங்களைச் சுமந்தார். இவர்கள் யாரையும் கதாநாயகி லட்சணம் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அதே சரிதாவின் குரல் பிற்காலத்தில் என்ன ஆனது என்பதுதான் என் கணக்கில் இந்த வரலாற்றின் மையம். வாய்ப்புகள் குறைந்தபின் அவர் டப்பிங் அறைக்குப் போனார். நக்மா, விஜயசாந்தி, சௌந்தர்யா என்று வரிசையாகப் பல கதாநாயகிகளுக்குப் பேசினார். திரையில் வெளிர்நிற முகம், ஒலிபெருக்கியில் சரிதா. தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து கதாநாயகிகள் அலையாக வந்தார்கள். தமிழ் தெரியாது என்பது தடையே இல்லாமல் போனதற்குக் காரணம் இந்த டப்பிங் அறை. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணி பேசினார். 'மின்சாரக் கனவு' படத்தில் கஜோலுக்கு ரேவதி. சிம்ரனுக்கு சவிதா ரெட்டி. ரேவதியும் ரோகிணியும் சாதாரண குரல் கலைஞர்கள் இல்லை, தாங்களே முதல் தரமான நடிகைகள். அதாவது நடிக்கத் தெரிந்தவர்களிடமிருந்து நடிப்பில் பாதியை வாங்கி வேறொருவர் முகத்தின் மேல் ஒட்டினோம். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வின் ஜெஸ்ஸியை நேசித்தவர்கள் த்ரிஷாவை எவ்வளவு நேசித்தார்கள், சின்மயியின் குரலை எவ்வளவு நேசித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

மலையாளத்தில் இதற்கு ஒரு பிரபலமான வழக்கே உண்டு. 'மணிச்சித்ரதாழ்' (1993) படத்துக்காக ஷோபனாவுக்குத் தேசிய விருது. கங்கா என்ற அவருடைய பாத்திரத்துக்குப் பேசியவர் பாக்யலட்சுமி. நாகவல்லியாக மாறித் தமிழில் உறுமும் அந்தக் குரலோ துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞருடையது. இது இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து இயக்குநர் ஃபாசில் சொன்னபோதுதான் பரவலாகத் தெரியவந்தது. அதுவரை பாராட்டெல்லாம் வேறிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஷோபனாவின் கண்ணையும் கையையும் யாரும் குறைத்து மதிப்பிட முடியாது, ஆனால் அந்த நாகவல்லி ஒருவர் செய்தது இல்லை.

எதிர்த்திசையிலும் இதுவே நடந்தது. 'பதினாறு வயதினிலே' மயிலாகத் தன் குரலில் பேசித் தமிழர்களை அழவைத்த ஸ்ரீதேவி இந்திக்குப் போனதும் ஊமையானார். தொடக்கத்தில் நாஸ் பேசினார், ஒரு படத்தில் ரேகா பேசினார், 1989-இன் 'சாந்தினி' வரை அவர் சொந்தக் குரலில் இந்தி பேசவில்லை. 'ஹிம்மத்வாலா' (1983) வெற்றிக்குப் பிறகு பம்பாய்ப் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'தண்டர் தைஸ்', தொடையைக் குறித்து. தமிழில் நடிகையாக இருந்தவர் குரல் போன இடத்தில் தொடையாகிவிட்டார். நம்மூருக்கு வந்த வடக்கத்திக் கதாநாயகிகளுக்கு நாம் செய்ததும் இதேதான்.

குஷ்புவை எடுத்துக்கொள்வோம். 'வருஷம் 16', 'சின்னத்தம்பி' படங்களுக்குப் பிறகு திருச்சியில் ரசிகர்கள் அவருக்குக் கோவில் கட்டினார்கள், ஓட்டல்களில் மெதுமெதுவென்று உப்பிய இட்லிக்கு 'குஷ்பு இட்லி' என்று பெயர் வந்தது. அன்பு என்றுதான் அதைச் சொன்னார்கள். அன்புதான், ஆனால் சாப்பிடுகிற அன்பு. குஷ்பு தமிழ் கற்றுக்கொண்டு, சொந்தமாகப் பேசி, அரசியல் மேடையேறி வாதாடிய பிறகும் இட்லி அவரை விடவில்லை. பூசினாற்போன்ற அந்த உடல்வாகுக்குக் கோவில் கட்டிப் பத்து வருடம்கூட ஆகவில்லை, தொண்ணூறுகளின் இறுதியில் சிம்ரனின் இடை அளவுகோலானது. 2000-இல் 'குஷி' என்று ஒரு படமே வந்தது. கதாநாயகன் கதாநாயகியின் இடுப்பைப் பார்த்தானா இல்லையா என்பதுதான் அதில் காதலர்கள் பிரிவதற்கான காரணம். படம் ஜாலியானது, ஜோதிகாவின் நடிப்பில் குறையில்லை. ஆனால் ஒரு இடுப்பின் மேல் முழுநீளக் கதையை நிற்கவைக்க முடியும் என்று நம்பிய காலம் அது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அளவுகோல் மாறிக்கொண்டே இருப்பதில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளை எழுதினால் புத்தகமாகும். வித்யா பாலன் கதை ஒன்றே போதும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், வளர்ந்தது பம்பாயில். நடிக்கவிருந்த முதல் மலையாளப் படம் பாதியில் நின்றதும் ராசியில்லாதவர் என்ற முத்திரை விழுந்தது. தமிழில் ஒப்பந்தமான படங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டார், அவற்றில் 'மனசெல்லாம்' த்ரிஷாவுக்குப் போனது. ஒரு தயாரிப்பாளர் தன்னை நடத்திய விதத்தில் ஆறு மாதம் கண்ணாடியில் முகம் பார்க்கவே பிடிக்காமல் இருந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2011-இல் இந்தியில் 'தி டர்ட்டி பிக்சர்' வந்தது. சில்க் ஸ்மிதாவின் வாழ்க்கையைத் தழுவியதாகப் பேசப்பட்ட அந்தப் படத்துக்காக வித்யா வேண்டுமென்றே எடை கூட்டினார், தொந்தி தெரிய நின்றார், தேசிய விருது வாங்கினார். தமிழ் சினிமா அழகில்லை என்று அனுப்பியவர், தமிழ் சினிமா உடம்பாக மட்டும் பார்த்த ஒருவரை நடித்துக் காட்டி நாட்டின் சிறந்த நடிகையானார்.

அந்த சில்க் ஸ்மிதாவுக்கு நடிக்கத் தெரியும். 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தில் தியாகராஜனின் மனைவியாக வருகிற அவரைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக வந்து அந்தப் பாத்திரத்தின் பெயரையே சுமக்க வேண்டியதாகிவிட்டது. 'கவர்ச்சி நடிகை' என்று ஒரு தனிப் பதவி சினிமாவில் இருந்தது. கதாநாயகி கற்பையும் கண்ணீரையும் பார்த்துக்கொள்வார், மற்றதை இவர் பார்த்துக்கொள்வார். படம் விற்பதற்கு சில்க்கின் ஒரு பாட்டு இருந்தால் போதும் என்று விநியோகஸ்தர்கள் கேட்டு வாங்கிய நாட்கள் உண்டு. 1996 செப்டம்பரில் 35 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். பின்னால் அந்தப் பதவியும் எடுபட்டது, ஏனென்றால் கதாநாயகிகளே அந்த வேலையையும் செய்ய வேண்டும் என்றாகிவிட்டது.

குண்டான பெண்ணுக்கும் கறுத்த பெண்ணுக்கும் நம் சினிமா ஒதுக்கிவைத்த இடம் நகைச்சுவை. அந்த இடத்திலும் மேதைகள் இருந்தார்கள். 1958-இல் 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் நடித்த மனோரமா, 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணியாக வந்து பத்மினி, சிவாஜி இருவரும் இருக்கிற படத்தில் தனக்கென்று ஒரு பங்கை வெட்டி எடுத்துக்கொண்டவர். எண்பதுகளில் பிந்து கோஷ் மாதிரியானவர்களுக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை. அவர் உள்ளே நுழைந்தாலே சிரிப்பு வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு எழுதப்பட்டது. 2007-இல் வந்த 'சிவாஜி'யில் சாலமன் பாப்பையாவின் மகள்களாக இரண்டு பெண்களுக்குக் கறுப்பு பூசி, அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பாரியின் மகள்களுக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்' என்று தந்தையை இழந்து புலம்பிய பெண்களின் பெயரைக் கறுப்பைக் கேலி செய்யத் தேர்ந்தெடுக்க எப்படித்தான் மனம் வந்ததோ. அதே படத்தில் கதாநாயகன் வெள்ளையாகத் தவிப்பது வேடிக்கை, கணினி உதவியால் ஒரு பாட்டில் வெள்ளையாகியும் விடுகிறார்.

இதற்குப் பின்னால் வியாபாரமும் இருந்தது. 1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. நடுவில் சென்னையிலிருந்தே ஃபேர்எவர் வந்தது. முன்னணி நடிகைகள் பலர் இவற்றின் விளம்பரங்களில் சிரித்திருக்கிறார்கள். முகப்பருவோடே திரையில் தோன்றிப் புகழ்பெற்ற சாய் பல்லவி பெரிய தொகையுடன் வந்த அப்படியொரு விளம்பரத்தை மறுத்தது செய்தியானது. மறுப்பது செய்தியாகிற அளவுக்கு ஒப்புக்கொள்வது சாதாரணம்.

வயதையும் வெட்டிப் பிரித்தோம் என்று சொன்னேனே, அதற்கு ஸ்ரீவித்யா. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிகாந்த் அறிமுகமானது அவருடைய கணவனாக. 1991-இல் 'தளபதி' படத்தில் அதே ஸ்ரீவித்யா ரஜினிக்கு அம்மா. ரஜினி பிறந்தது 1950, ஸ்ரீவித்யா 1953. மகனைவிட மூன்று வயது இளைய தாய்! 'அவர்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவியாக வந்த சுஜாதா 'பாபா'வில் அம்மா. 'அருணாச்சல'த்தில் பாட்டியாக வந்த வடிவுக்கரசியும் ரஜினியைவிட இளையவர்தான். இன்னொரு பக்கம், 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் அவரோடு குழந்தையாக நடித்த மீனா ஒன்பதே ஆண்டில் 'எஜமான்' படத்தில் அவருக்கு ஜோடி. ஆண் ஒரே இடத்தில் நிற்க, பெண்கள் அவரைச் சுற்றிக் குழந்தை, காதலி, தாய், பாட்டி என்று நகர்ந்துகொண்டே இருந்தார்கள். உடம்பு விஷயத்திலும் இதே கணக்குதான். தொந்தி வைத்த கதாநாயகர்களை நாம் குடும்பத்தில் ஒருவராகப் பார்த்தோம். தனுஷ் வந்த புதிதில் அவரது ஒல்லி உடம்பைக் கேலி செய்தவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கு அந்த உடம்போடேயே அடுத்த படமும் அதற்கடுத்த படமும் கிடைத்தது.

இந்தக் கணக்கைச் சமன்செய்ய நடிகைகள் தங்கள் உடம்பையே விலையாகக் கொடுக்கிறார்கள். தெலுங்கில் முன்னணியில் இருந்து தமிழிலும் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவில் 31 வயதில் மாரடைப்பால் இறந்தார். கொழுப்பு அகற்றும் சிகிச்சை செய்துகொண்ட சில வாரங்களில் நடந்தது அது. 2022-இல் பெங்களூருவில் 21 வயதுக் கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் அதே வகைச் சிகிச்சைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. அனுஷ்கா 'இஞ்சி இடுப்பழகி' (2015) என்கிற படத்துக்காக நிஜமாகவே எடையைக் கூட்டினார். குண்டுப் பெண்ணைக் கேலி செய்யாதீர்கள் என்று சொன்ன படம். படம் ஓடவில்லை, அதன்பிறகு அவர் எங்கே போனாலும் அந்த எடை பற்றிய பேச்சுதான் பின்னாலேயே வந்தது. 'நடிகையர் திலக'த்தில் சாவித்திரியின் கடைசிக் காலத்துப் பருமனைக் காட்ட கீர்த்தி சுரேஷ் செயற்கைத் தோல் ஒட்டிக்கொண்டார், தேசிய விருதும் வாங்கினார். பிறகு உடற்பயிற்சி செய்து அவர் மெலிந்தபோது, முகத்தில் களையே போய்விட்டது என்று இணையத்தில் அதே ரசிகர்கள் திட்டினார்கள். குண்டானாலும் குற்றம், மெலிந்தாலும் குற்றம்.

சரி, எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. மாற்றம் குரல் வழியாகத்தான் நுழைந்திருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'பருத்திவீரன்' (2007) முத்தழகுக்குப் பிரியாமணி தானே டப்பிங் பேசினார், தேசிய விருது வந்தது. 'சூரரைப் போற்று' பொம்மிக்காக அபர்ணா பாலமுரளி மதுரை வழக்கைக் கற்றுக்கொண்டு தானே பேசினார், அவருக்கும் விருது. 'திருச்சிற்றம்பலம்' ஷோபனாவாக நித்யா மேனன் பேசியதும் தன் குரலில்தான், அவருக்கும் விருது. கேரளத்திலிருந்து வந்து, தமிழில் பல ஆண்டுகள் மற்றவர் குரலில் நடித்த நயன்தாராகூட 'நானும் ரௌடிதான்' (2015) படத்தில் சொந்தக் குரலுக்கு வந்தார். தொகுத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் ஒல்லி இடையை வைத்து அறியப்பட்டவர்கள் அதிகம் இல்லை. குரல் உடம்போடு மறுபடி சேரும்போது அங்கே ஒரு ஆள் வந்துவிடுகிறார். ஆளைப் பார்க்கிறபோது அளவு எடுப்பது கொஞ்சம் கஷ்டம். 'காக்கா முட்டை'யில் வருகிற ஐஸ்வர்யா ராஜேஷ், யாரும் டேப் வைத்து அளந்து பார்க்க முடியாத ஒரு ஆள்தான். இரண்டு பையன்களின் அம்மா, குடிசைப் பகுதி, மாநிறம். நிறத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் முன்பு கேட்ட பேச்சுகளை அவர் பிற்பாடு ஒரு மேடையில் விரிவாகச் சொன்னார்.

ஆனால் இதை முழு வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது பெரிய படம் என்றால் ஐந்து மொழி. ஒரு நடிகை ஒரு மொழியில் தானே பேசினாலும் நான்கு மொழிகளில் மறுபடியும் முகம் மட்டும்தான். உடம்பை அளக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். முன்பு கிசுகிசு எழுத ஒரு பத்திரிகையாவது வேண்டும், இப்போது ஒரு செல்போன் போதும். வயது என்கிற கத்தரிக்கோலும் துருப்பிடிக்கவில்லை.

ஊர்வசியைப் பாருங்கள். 1983-இல் 'முந்தானை முடிச்சு' பரிமளமாக வந்தவர். 'மைக்கேல் மதன காமராஜன்' திரிபுரசுந்தரி, 'பஞ்சதந்திரம்', 'சூரரைப் போற்று' அம்மா, 'ஜே பேபி' என்று நாற்பது ஆண்டுகளாக உடம்பு எப்படி மாறினாலும் கவலைப்படாமல் நடித்துக்கொண்டிருக்கிறார். நகைச்சுவையில் இருந்து கண்ணீருக்கு ஒரே வாக்கியத்துக்குள் மாறக்கூடியவர் இன்றைக்கு அவரைப்போல் இன்னொருவர் இல்லை என்பது என் அபிப்பிராயம். 2005-இல் 'அச்சுவின்டெ அம்மா' என்ற மலையாளப் படத்தைத் தாங்கி நின்றவர் அவர்தான், படத்தின் பெயரே அந்த அம்மாதான். அதற்கு அவருக்குக் கிடைத்தது துணை நடிகைக்கான தேசிய விருது. இருபது ஆண்டு கழித்து, 2025 ஆகஸ்டில் 'உள்ளொழுக்கு' படத்துக்கு விருது அறிவித்தார்கள். வெள்ளம் சூழ்ந்த வீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும், அந்த இருவர்தான் மொத்தப் படமும். மாமியாராக நடித்த ஊர்வசிக்கு மறுபடியும் துணை நடிகை விருதுதான். இந்த முறை அவர் பேசாமல் வாங்கிக்கொள்ளவில்லை. எதை வைத்து முதன்மை என்றும் துணை என்றும் பிரிக்கிறீர்கள், இதற்கு வயது வரம்பு ஏதாவது இருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேட்டார்.